கான் ஓரத்துக் கார்டீனியா

மேல்கணக்கு லயம்,
டிக்கோயா.
ஆவணி மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் பிரேமினிக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இந்த மழைக்குள்ளே நனைந்தும் காய்ந்தும் நலமாகத்தான் இருக்கிறோம். கடலோர வெயிலில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா என்ன இது கடிதம் எழுதிக்கொண்டு என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் இதைச் சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, படித்துக்கொண்டே போனால் உனக்கே விளங்கும். ஆடி மாதத்திலிருந்து நான் போனுக்குப் பக்கத்தில் வராமல் வாசற்படியில் நின்றே, ஆமா சாப்பிட்டேன், ஆமா நல்லா இருக்கேன் என்று கத்திவிட்டு உள்ளே போய்விடுகிறேன், அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். பாதி கோபம்தான். அதை மறைக்கப் போவதில்லை. மீதிப் பாதி வேறு கதை.

முதலில் வீட்டுச் சேதி. மழையில் நம் லயத்து வீட்டுக் கூரைத் தகடு ஒன்று தூக்கிக்கொண்டு போனது, அப்பா அதன் மேல் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார், இந்த வயதில் கூரை ஏறாதீர்கள் என்றால் கேட்கிற மனுஷனா. ஆஸ்பத்திரியில் அவருக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொன்னார்களாம், அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வரும் வழியிலேயே கித்துல் கருப்பட்டி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். உன் தம்பி நிரோஷன் கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வருகிறானாம். வந்தால் சட்டி பானை எல்லாம் காலியாகும், வரட்டும். எனக்கு முழங்கால் வலி மழைக்கு மட்டும்தான், மழை இல்லாத நாள் இங்கே எது என்று கேட்காதே. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாலும் விடியக்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதும் நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எழும்பி உட்கார்ந்து யாரைத் திட்டலாம் என்று பார்த்தால் அப்பாதான் அகப்படுகிறார்.

இனி கோபத்துக்கு வருகிறேன். ஆனி மாதத்தில் நீ ஒரு வீடியோ அனுப்பினாயே, போனை மேசையில் சாய்த்து வைத்து எடுத்தது. கடல் தாண்டி அந்த லார்னக்காவில் நீ பார்த்துக்கொள்கிற அந்த எலேனிக் கிழவியின் வெராண்டா. ஒலிவ் எண்ணெய் வந்த பெரிய தகரத்தில் ஒரு கார்டீனியாச் செடி, இலை தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூ. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், நீ பின்னால் நின்று தலை வாரி விடுகிறாய், அவள் எட்டி ஒரு பூவைப் பறித்து உன் காதோரம் செருகுகிறாள். அதுவரைக்கும் சரி, வயதான மனுஷி, ஆசைக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் நீ அவளை அம்மா என்று கூப்பிட்டாய். அவர்கள் பாஷையில் இல்லை, நம் தமிழில். அந்தக் கிழவி திரும்பிப் பார்த்தாள். இங்கே டிக்கோயாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நானும் திரும்பினேன் பாப்பா. என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துவிட்டேன். அடுப்படியில் யாரும் இல்லை, பூனை மட்டும் இருந்தது.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. உன் அப்பா, அது சும்மா வாய்க்கு வந்தது, வேலை செய்யிற எடத்துல அப்படித்தான் கூப்பிடுவாங்க, இதுக்குப் போயி என்று சமாதானம் சொன்னார். என்ன சும்மா? நீ பிறந்து அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு வயதுக்கு மேலே எடுத்தாய், முதலில் அப்பா என்றுதான் சொன்னாய், அதற்கே நான் உன் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். இப்போது எங்கேயோ இருக்கிற ஒருத்தி, பெற்றதும் இல்லை வளர்த்ததும் இல்லை, நோகாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை வாங்கிக்கொள்கிறாள். எனக்குப் பொறாமை. வேறு பேர் வைத்துப் பூசி மெழுக எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது. அவள் மகன் லண்டனில் இருக்கிறான், வருஷத்தில் ஒருதரம் எட்டிப் பார்க்கிறான், அவளுக்கும் கால் இழுத்துவிட்டது, பேச்சுத் துணைக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிகிறது.

இதில் இன்னொன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது, அந்தச் செடி எப்படி அப்படிப் பூத்தது என்று நான் வாயை அடக்கமாட்டாமல் கேட்டேன். நீயும் மறைக்காமல் சொன்னாய். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாம், செடி மஞ்சளித்துப் போய் நின்றதாம், நீ போன பிறகு தினமும் வடிகட்டிய தேயிலைச் சக்கையைத் தகரத்தில் போட்டுப் போட்டுத்தான் பச்சை பிடித்ததாம். எந்தத் தேயிலை என்று கேட்டேன். நீங்க குடுத்து அனுப்புன தூள்தாம்மா என்றாய். நீ குடிப்பாய், குளிருக்கு இதமாக இருக்கும் என்று நான் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்ட தோட்டத்துத் தூள். இந்த மலையில் அட்டைக்கடி பட்டுப் பறித்த கொழுந்து கடல் தாண்டிப் போய் அவள் வீட்டுச் செடியைப் பூக்க வைத்திருக்கிறது, இங்கே தேயிலை மண்ணிலேயே நிற்கிற நம் கார்டீனியாச் செடியில் ஒரு பூ இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

நம் செடியை நீ மறந்திருக்க மாட்டாய். லாபிர் முதலாளியின் கடையில் நீ வேலைக்கு நின்றபோது அவர் மனைவி கமறியா அக்கா கொடுத்த குச்சிதானே. புறப்படுகிறதுக்கு முந்தின மாதம் மழைத்தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில், போனுக்கு சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே இடத்தில் நட்டாய். போன் பேசும்போது அம்மாவுக்குப் பின்னால் பூ தெரியணும் என்று சொன்னாய். செடிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கமறியா அக்கா சொன்னபடியே எல்லாம் செய்தேன். அடுப்புச் சாம்பல் கிட்டயே கொண்டுபோக வாணாம், சாம்பலுக்கு எலை மஞ்சளாப் போகும் என்றார், போடவில்லை. பழைய இலைச்சருகை அடியில் மெத்தை மாதிரிப் போடச் சொன்னார், போட்டேன். காலைவெயில் படணும், வேர் நனையணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது என்றார், கானைச் சின்னதாக வெட்டித் திருப்பிவிட்டேன். செடி இடுப்புக்கு மேலே வளர்ந்தது, இலை எண்ணெய் தடவியது போல மினுங்கியது, பூ மட்டும் இல்லை. கமறியா அக்கா வீட்டு வாசலில் தாய்ச்செடி வருஷம் இரண்டுதரம் பூத்துத் தெரு முழுக்க மணக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம், என்ன சண்முகவடிவு, இன்னும் மொட்டு வைக்கல்லயா, ஒங்கட தேயிலை மண்ணுக்கு இது பிச்சுக்கிட்டு வரணுமே என்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனாலும் நான் சில நாள் சுற்றுவழியில் பஸ் நிலையத்துப் பக்கமாகப் போக ஆரம்பித்தேன்.

மொட்டு வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கிளை நுனியில் ஏதோ பச்சையாகக் கூரிட்டுக்கொண்டு வரும், அடுத்த வாரம் பார்த்தால் நுனியே இருக்காது. கீழே தேடினால் உதிர்ந்த அடையாளமும் இல்லை. ஆடு கடித்ததாக நினைத்து அடுத்த லயத்துச் செல்லசாமியிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து செடிக்கு முன்னால் நிறுத்தினார், அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, எனக்குத்தான் அவமானம். பிறகு உன் அப்பா மேல் சந்தேகம். காலமெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனுஷன், செடி என்றால் மட்டமாக வெட்டித்தான் பழக்கம், யாருக்கும் தெரியாமல் சீவுகிறீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து கத்தியைத் துணியில் சுற்றி என் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். அதற்குப் பிறகும் நுனி காணாமல் போனது. கடைசியில் கமறியா அக்காவின் கண் என்று முடிவு கட்டி, செடிக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

அந்த வீடியோவுக்குப் பிறகு எனக்கு வெறியே வந்துவிட்டது. அவள் தகரத்தில் பூக்கிறது என்றால் என் மண்ணில் பூக்காதா, நீ தீபாவளிக்கு வரும்போது வாசலெல்லாம் மணக்க வைத்து, இந்தா பார், உன் அம்மா வீட்டிலும் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய் அல்லவா, அன்றைக்கு நெடுநேரம் பேசினோம். எலேனி அம்மா எனக்குப் பின்னல் போடச் சொல்லித் தருகிறாள், எலேனி அம்மா நான் காய்ச்சலில் படுத்தபோது சூப் வைத்துத் தந்தாள் என்று நீ சொல்லச் சொல்ல நான் ம் கொட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் உன் அப்பா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். நீ போனை வைத்ததும் என் தோளைத் தொட்டு, கையை நீட்டினார். உள்ளங்கையில் நம் செடியின் பச்சை நுனிகள். எங்கே கிடந்தது என்றேன். என் மொகத்துல வந்து விழுந்துச்சு என்றார். நம்பாமல் திரும்பிக் கானைப் பார்த்தேன். கான் முழுக்கக் கிடந்தது பாப்பா, புதுசும் காய்ந்ததும் அழுகினதுமாக. கவ்வாத்து வெட்டுறேன்னு என்னைய சந்தேகப்பட்டியே, நீ மலையில நிறை புடிச்சுக் கொழுந்து எடுக்கிற மாதிரியில்ல நின்னு பறிச்சுக்கிட்டு இருக்க, கூடைதான் இல்ல, என்று சொல்லிவிட்டு மனுஷன் புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வாழ்க்கை முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடித்துத் தோளுக்கு மேலே பின்னால் எறிந்த கை. முதுகில் கூடை இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. போன் இடது கையில், காது உன்னிடம், வலது கை என்னைக் கேட்காமலே வேலை பார்த்திருக்கிறது. நுனி செடிக்கு அடியில் விழாமல் எனக்குப் பின்னால் கானில் விழுந்ததால் இவ்வளவு நாளும் யாருக்கும் அகப்படவில்லை. மலையில் தேயிலை பூத்துவிட்டால் வேலை பார்க்க வருகிற கண்டாக்கு ஏசுவார், பூத்த மலை பறிக்காமல் விட்ட மலை, சோம்பேறி மலை. அந்தப் பயம் விரலுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது போல. ஆனால் நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ உன் சமையல், உன் தூக்கம், உன் உடம்பு என்று பேசுகிற நாளில் கை மெதுவாகப் போகும். எலேனி அம்மா என்று நீ தொடங்கினால் வேகமாகப் போகும். அன்றைக்கு எறிந்தது ஒரு வாளிக்கு வரும். அவள் செடிக்குப் போட்டியாகப் பூக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட செடியை அவள் மேல் இருந்த எரிச்சலில் நானே மொட்டை அடித்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்கு அது சிரிப்பு. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் அந்தப் பக்கம் வருவதில்லை. சிக்னல் அங்கே மட்டும்தான், செடியும் அங்கேதான், நீ நட்ட இடம். பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாமா என்று கமறியா அக்காவிடம் கேட்டேன், ஐயோ இப்ப தொட வாணாம், மொட்டு வைக்கிற நேரத்துல எடம் மாத்தினா எல்லாம் கொட்டிப் போகும் என்றார். நீயும் கவனம், அவள் வெராண்டாவில் அந்தத் தகரத்தை மொட்டு இருக்கும்போது இழுத்து வைக்காதே, தண்ணீரும் ஒருநாள் நிறைய ஒருநாள் இல்லாமல் ஊற்றாதே. இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம், அவள் மொட்டுக் கொஞ்சம் கொட்டியிருக்கும். எழுதியாகிவிட்டது, அடிக்க மனசு வரவில்லை. கடிதம் எழுதுகிற காரணமும் இப்போது விளங்கியிருக்குமே. பேனா பிடித்திருக்கும்போது கை வேறு எதையும் கிள்ளாது.

இனி மொட்டுச் சேதி. நான் விலகி நின்ற பிறகு செடி புதுத் துளிர் விட்டது, இப்போது நுனிகளில் மொட்டு இருக்கிறது. விளக்குத் திரியை முறுக்கி வைத்தது போலப் பச்சையாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, உச்சியில் ஒன்று மட்டும் முறுக்குக்கு நடுவில் வெள்ளை காட்டுகிறது. தினமும் காலையில் பார்க்கப் போகிறேன், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு. முந்தாநாள் கோயில் வாசலில் என்னோடு கொழுந்து பறித்தவர்களெல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், எழும்பும்போது பார்த்தால் பூசாரி நட்ட குரோட்டன் செடிகளின் நுனி ஒன்றும் மீதி இல்லை. அதில் என்னுடையது எவ்வளவு என்று கேட்காதே.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். உன் ஒப்பந்தம் தீபாவளிக்கு முன்னால் முடிகிறது, எலேனி அம்மா இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி அழுகிறாள், இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றாலும் காது கேட்கிறது. இருக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், நீ உழைக்கிறவள், உனக்கு யோசனை இருக்கிறது, அவளும் பாவம்தான். அவளுக்குச் செய்வதில் குறை வைக்காதே, குளிக்க வைக்கும்போது தனியாகத் தூக்கி உன் இடுப்பை முறித்துக்கொள்ளாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, உன் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அவள் அழுதாள் என்று நீ சொன்னாய். நான் அழவில்லை, அதை மட்டும் கணக்கில் வைத்து முடிவு பண்ணிவிடாதே. அழத் தெரியாமல் இல்லை, என் அழுகை எல்லாம் கானில் கிடக்கிறது, உன் அப்பாவைக் கேள்.

அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். நோய் நொடி அண்டாமல், யார் கண்ணும் படாமல், எலேனி கண்ணும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நன்றாக இரு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், கருப்பட்டிச் சேதியை எழுதினேன் என்று அவரிடம் சொல்லாதே.

ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் எடு. அன்றைக்கு நான் வாசற்படியில் நிற்க மாட்டேன், செடிப் பக்கத்திலேயே வந்து நிற்பேன். அப்பா போனைப் பிடிப்பார், நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வேன். முதலில் அம்மா என்று கூப்பிடு, யாரைக் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகு வருகிறாயா இல்லையா என்று சொல். வருகிறேன் என்றால் அந்த உச்சிப் பூவை, வாடிப் போனாலும், யாரும் தொடாமல் உனக்கு வைத்திருப்பேன். இல்லை என்று சொல்வதானாலும் சொல், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டின கை அவிழ்ந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
வீ. சண்முகவடிவு